பாக்கு வைத்து அழைத்த கிணறு

கில்வர்னா ஊர்க் கிணறு எங்களோடு சேர்ந்து அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், என் நாத்தனார் கோமதிதான் காரணம். அவள் முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாள், அது மரியாதை தெரிந்த கிணறு, வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். பத்திரிகை கொடுத்து, போன் போட்டு, வீடு தேடிப்போய் வெற்றிலை நீட்டியும் வராத சொந்தக்காரர்களை என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அதனால் கூப்பிட்டதும் வந்த ஒன்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் உலகம்மாள், தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காது வலிக்க வலிக்க 'நம்பர் ப்ளீஸ்' சொல்லி ரிட்டயர் ஆனவள், இங்கிலீஷ் சமாளிக்கிற அளவுக்கு வரும். கோமதி என் வீட்டுக்காரரின் தங்கை, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, ஒற்றைப் பிள்ளை இசக்கியப்பனை ஆளாக்கியவள். அவன் டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், அங்கே எல்லாரும் அவனை ஐசக் என்று கூப்பிடுகிறார்கள், கோமதிக்கு அதைக் கேட்டாலே மூக்கு விடைக்கும். அவன் ஈஃபா என்கிற அந்த ஊர்ப் பெண்ணை விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசி, கல்யாணத்தைப் பெண்ணின் ஊரான கில்வர்னாவிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாகி, எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். என் வீட்டுக்காரர் மூட்டுவலி என்று சொல்லி வரவில்லை. இட்லி கிடைக்காத ஊருக்கு அவர் எந்தக் காலத்திலும் வரமாட்டார்.

கில்வர்னா மேற்குக் கடலோரத்தில், கல்லை அடுக்கிக் கட்டிய குட்டைச் சுவர்களுக்கு நடுவே, ஆடுகள் அதிகமும் ஆட்கள் குறைச்சலுமாக, காலையில் தூறி மத்தியானம் தூறி சாயங்காலம் கொஞ்சம் ஓய்ந்து மறுபடி தூறிக்கொண்டிருக்கிற ஊர். தென்காசிக்காரிகளுக்கு இது என்ன புதுசா, எங்கள் ஊர்ச் சாரலை யாரோ எடுத்துப்போய் அங்கே விட்டுவிட்டு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஈஃபாவின் அம்மா நோரா அந்த ஊரின் ஒரே கடையை நடத்துகிறாள். ஒரு பக்கம் மளிகை, மறுபக்கம் பீர், நடுவில் தபால் பெட்டி. சம்பந்தி என்று எங்களைக் கட்டிப்பிடித்து வரவேற்று, உருளைக்கிழங்கைப் பலவிதமாகச் செய்து போட்டு, பிறகு ஊரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் கிணற்றைப் பார்த்தோம். கிணறு என்றால் நம் ஊர்க் கிணறு மாதிரி எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற கிணறு இல்லை, முழங்கால் உயரத்துக்கு வட்டமாகக் கல் அடுக்கி, பாசி படிந்து, ஒரு படி இறங்கினால் கை நனைக்கிற ஆழத்தில் தண்ணீர், சங்கிலியில் ஒரு தகர டம்ளர். ஏதோ ஒரு புனிதவதி பேரில் இருக்கிற கிணறாம். ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அன்று காலையில் வலமாகச் சுற்றிவந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகவேண்டும், அது இல்லாமல் அங்கே கல்யாணமே இல்லை என்று நோரா சொன்னாள்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கோமதியின் முகம் மாறிவிட்டது. "மதினி, அப்ப இது இந்த ஊருத் தெய்வம்லா? முதப் பாக்கு இதுக்குல்லா வைக்கணும்?" என்றாள். டப்ளினில் இந்தியக் கடையில் வாங்கிய வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் அவள் பையில் இருந்தன. எடுத்தாள், குங்குமம் வைத்தாள், கிணற்றுக்கட்டில் வைத்துக் கும்பிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. ஊரில் இருந்திருந்தால் அந்தப் பாக்கை வைக்க அவளை விட்டிருக்க மாட்டார்கள். பெற்றவள் அவள், வளர்த்தவள் அவள், ஆனால் முதல் அழைப்புக்குப் புருஷனோடு இருக்கிற ஜோடி வேண்டும் என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் முன்னால் தள்ளிவிட்டு, அவளை அடுப்படிப் பக்கம் நிறுத்தியிருப்பார்கள், இந்தச் சடங்கை எல்லாம் கண்டுபிடித்தவன் வாயில் மண்ணைப் போட. கில்வர்னாவில் தடுக்க ஆள் இல்லை. அவள் தன் வாழ்நாளில் தன் கையால் வைத்த முதல் பாக்கு அதுதான்.

வைத்துவிட்டு, நம் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள்: "எம் பிள்ளைக்குக் கல்யாணம். முன்கூட்டியே வந்துரணும், கூடவே இருந்து நடத்திக் குடுக்கணும்." நாம் வாயில் வந்தபடி சொல்லிவிட்டு மறந்துபோகிற வார்த்தை, கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுத் தாலி கட்டின பிறகு பந்திக்குச் சரியாக வந்து சேருகிற வார்த்தை. கிணற்றுக்கு அந்தச் சூது தெரியவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. இசக்கி லீவு போட்டுவிட்டு எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நாட்டைக் காட்டப் புறப்பட்டான். ஷானன் ஆற்றங்கரையில் க்ளான்மக்நாய்ஸ் என்று இடிந்த மடாலயங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பண்ணை வீட்டில் முதல் ராத்தங்கல். காலையில் பல் தேய்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தால், வாசலில் இசக்கியின் காருக்கும் பண்ணைக்காரரின் டிராக்டருக்கும் நடுவே கில்வர்னா கிணறு, பாசியும் படியும் தகர டம்ளருமாக உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுக்கட்டில் வைத்த வெற்றிலை அப்படியே இருக்கிறது, குங்குமம்கூடக் கலையவில்லை.

"வந்துட்டா?" என்றாள் கோமதி, என் தோளுக்குப் பின்னால் நின்று. அவ்வளவுதான் கேட்டாள். பிறகு போய் அதில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பண்ணை வீட்டுக்காரர் ஆட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து, கிணற்றைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, "கில்வர்னா கிணறுதானே? கடல் பக்கத்துத் தண்ணி மாதிரி வாசனை அடிக்குதேன்னு பாத்தேன்" என்று சொல்லி, கெட்டில் நிறைய மொண்டுகொண்டு போய் எங்களுக்கு டீ போட்டார். இசக்கிதான் பதறிப்போய் நோராவுக்குப் போன் போட்டான். அவள் பேச்சை என் தமிழில் சொல்கிறேன்: "ஆமாப்பா, இங்க இல்ல, காலையில ஃபாதர் வந்து சொன்னாரு. உங்க கூட இருக்கா? அப்ப சரி, தனியா எங்கயும் போயிருமோன்னுதான் பயந்தேன். அதுக்கும் வயசாச்சு, இந்த ஊர விட்டு வெளிய எதையும் பாத்ததில்ல. நல்ல இடமா நாலு இடம் காட்டிக் கூட்டிட்டு வாங்க." இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாமல் இருக்க, கிணறு இருந்த பள்ளத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். பஸ் ஸீட்டில் துண்டு போடுகிற வேலை எல்லா நாட்டிலும் இருக்கிறது பாருங்கள்.

அன்று மடாலயம் பார்க்கப் போனோம். கூரை இல்லாத கோயில்களுக்கும், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற கல் சிலுவைகளுக்கும், பனைமரம் மாதிரி ஒற்றையாக நிற்கிற வட்டக் கோபுரத்துக்கும் நடுவே நாங்கள் நடந்தால், கோபுரத்தின் நிழலில் கிணறு வந்து உட்கார்ந்திருக்கிறது. நகர்ந்து வருவதை யாரும் பார்ப்பதில்லை, திரும்பிப் பார்த்தால் இருக்கும். சுற்றிக் காட்டுகிற பெண் ஆற்றைப் பற்றியும் கொள்ளையர் படகில் வந்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்து, கிணற்றைக் கண்டதும் ஒரு மூச்சு நிறுத்தி, "இது இந்த இடத்தைச் சேர்ந்ததில்லை, நம்மைப் போலப் பார்க்க வந்திருக்கிறது, தயவுசெய்து வழிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

காஷல் பாறைக்கோட்டைக்கு மேடேறிப் போனோம், எங்களுக்கு முன்னால் அது மேலே போய் உட்கார்ந்திருந்தது, எனக்குத்தான் மூச்சு வாங்கியது. கூரை வேய்ந்த பழைய வீடுகளை வைத்திருக்கிற ஒரு கிராமத்துக்குப் போனோம், அங்கே அடுப்பில் விறகுக்குப் பதிலாகச் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த கரிமண் கட்டி புகைய ரொட்டி சுட்டுக் காட்டுகிறவள் கிணற்றைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு அதிலேயே மாவு பிசைந்தாள், ரொட்டி அன்றைக்கு நன்றாக உப்பியதாகச் சொன்னாள். போகிற ஊரில் எல்லாம் ஆட்கள் பாட்டிலோடு வந்தார்கள், கண்ணில் ஒத்திக்கொண்டார்கள், கில்வர்னாவில் தங்களுக்குத் தெரிந்தவர்கள் சுகமா என்று கிணற்றிடமே விசாரித்துவிட்டுப் போனார்கள். கில்வர்னாவில் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், வெளியூர் போயிருக்கும் நம் கிணறு சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று ஜெபித்தாராம். நோரா கடையில் ஒரு நாட்டு வரைபடத்தை ஒட்டி, நாங்கள் அனுப்புகிற போட்டோக்களை ஊர் ஊராகக் குத்தி வைத்தாளாம், பீர் குடிக்க வருகிறவர்கள் 'இன்னிக்கு எங்க இருக்கு' என்று பார்த்துவிட்டுத்தான் கிளாஸை எடுப்பார்களாம்.

டப்ளின் மியூசியத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். வாசலில் நின்ற காவலாளி, உயரமான மனிதர், நரைத்த மீசை, ரொம்ப மரியாதையாக, உள்ளே தண்ணீர் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார். கிணறு வாசலில் இருந்துகொண்டது. அவர் அதைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டி, யாரும் குப்பை போடாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே தங்கத்தில் கழுத்துப் பட்டைகள், அட்டிகை மாதிரி, அதையெல்லாம் கோமதி ஒரு பார்வைதான் பார்த்தாள். சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்து ஆயிரக்கணக்கான வருஷம் கழித்துத் தோண்டி எடுத்த வெண்ணெயை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அதன் முன்னால்தான் அவளுக்குக் கால் நகரவில்லை. "நெய்யா உருக்கி வச்சிருக்கலாம்லா மதினி, இப்படியா வீணாக்குவாவ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

சுற்றின நாளெல்லாம் நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டு வந்தேன். கோமதி காலையில் எழுந்ததும் கிணற்றங்கரைக்குப் போய்விடுவாள். போய்ப் பேசுவாள். இசக்கி சின்னதில் சளிக்குப் பட்ட பாடு, அவனுக்குப் பிடித்த புளிக்குழம்பு, தென்காசி வீட்டில் அவனுக்காகவே கட்டி ஏசி எல்லாம் வைத்து, யாரையும் குடிவைக்காமல் பூட்டி வைத்திருக்கிற மாடி. "கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ரெண்டு பேரும் அங்கிட்டு வந்துருவாவ" என்று அவள் கிணற்றிடம் சொன்னதை நானே கேட்டேன். இசக்கி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஏற்பாட்டோடு அவன் கில்வர்னாவிலேயே வீடு வாங்கப் பணம் கட்டியாகிவிட்டது, எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் தெரியாது என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குக் கில்வர்னா திரும்பினோம். காரை விட்டு இறங்கும்போதே வாளி உருண்டு கிடந்தது, கிணறு தன் பழைய பள்ளத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊரே வந்து நலம் விசாரித்தது. மறுநாள் ஈஃபா வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூறலில் வலம் வந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள், கோயிலில் மோதிரம் மாற்றினார்கள், அப்புறம் கடையில் மளிகைப் பக்கத்துக்கும் பீர் பக்கத்துக்கும் நடுவே, தபால் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, இசக்கி தாலி கட்டினான். தாலியை எடுத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள், கோமதிதான். நான் அவள் கையில் தட்டைத் திணித்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்லட்டும் பார்க்கலாம் என்று நின்றேன். கில்வர்னாக்காரர்கள் என்ன சொல்வார்கள், கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு விமானம். கோமதி போகிற இடத்துக்கெல்லாம் போகிற கிணறு, தென்காசிக்கும் கிளம்பிவிடுமே?

நோரா கடையில் ஊர் கூடியது. அந்த ஊர் வெயில் தாங்குமா என்று ஒருவர் கேட்டார், சாரல் அடிக்கிற ஊர்தான், தாங்கும் என்றேன். ஈஃபாவுக்குப் பிறகு யார் வீட்டில் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்று எண்ணிப் பார்த்தார்கள், இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களின் அம்மாக்கள் முகம் வாடிப்போனது. ஆனாலும் ஒருவர்கூட எங்களைப் பார்த்து விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. இவ்வளவு தன்மையான ஜனங்களை நான் பார்த்ததில்லை, எனக்கே கோபம் வந்தது. கடைசியில் நோரா எழுந்து, அப்படியானால் வியாழக்கிழமை சாயங்காலம் அதற்கு ஒரு விருந்து வைத்து அனுப்பிவிடலாம் என்றாள், எல்லாரும் சரி என்றார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு, இனிமேல் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே, சாவு வீட்டுக்குக் கூடுகிற மாதிரி கூடி, ஆடிப் பாடிச் சாப்பிட்டு அழுது வழியனுப்புவார்களாம். ஊரில் பாதி வீடு அப்படி அனுப்பின வீடுதானாம்.

வியாழக்கிழமை கிணற்றைச் சுற்றி மேஜை போட்டார்கள். சூப்பு, ரொட்டி, ஹாம், கேக்கு. ஒருவர் பிடில் வாசித்தார், ஃபாதர் பாடினார், தொப்பிக்காரக் கிழவர்கள் பாட்டு நடுவிலேயே மூக்கைச் சிந்தினார்கள். ஒவ்வொருவராக வந்து தகர டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, கிணற்றுக்கட்டில் கையை வைத்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "மதினி, இவ்வளவு அழுதாவ, பிறகு ஏன் தடுக்க மாட்டங்காவ? கேளுங்க."

கேட்டேன். நோரா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை. "என் அண்ணன்மார் ரெண்டு பேரு பாஸ்டன்ல. மூத்த பையன் சிட்னியில, பேரப்பிள்ளைய போன்லதான் பாக்கேன். தடுத்துப் பாக்கலாம்னு நானும் ஒருதரம் நெனச்சேன், தடுத்தா கால் நிக்கும், மனசு நிக்காதே சம்பந்தி. அதனால சாப்பாட்டப் போட்டு, சந்தோஷமாப் போன்னு நாமளே வாயால சொல்லிட்டா, போறவங்களுக்கு வழி லேசா இருக்கும். நமக்கு லேசா இருக்காது. அது வேற."

நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். கோமதி எழுந்து நோரா வீட்டுக்குள் போனாள், நான் அழுதுகொண்டிருக்கிறாளோ என்று பின்னாலேயே எழுந்தேன், அதற்குள் வெளியே வந்துவிட்டாள். கையில் தாம்பூலப் பை. தென்காசியில் பேர் போட்டு அச்சடித்து, பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வந்த மஞ்சள் பை. உள்ளே தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. நேராகக் கிணற்றுக்குப் போனாள், பிடில் தானாக நின்றது.

பையைக் கட்டின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் கூப்பிட்டேன்னு வந்தியே," என்றாள். "எங் கையால வச்ச பாக்க யாரு மதிப்பான்னு நெனச்சேன், நீ வந்த. முன்கூட்டியே வந்து, கூடவே இருந்து, நடத்திக் குடுத்துட்ட. கூடப்பொறந்தவ இருந்தாக்கூட இப்படி இருந்திருக்க மாட்டா."

இசக்கி இரண்டு எட்டு முன்னால் வந்தான், நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுட்டு. நீ ஒன் வீட்டுல இரு. எம் பிள்ள..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். "எம் பிள்ள இனி இங்கதான். அங்க வரமாட்டான். எனக்குத் தெரியும், நான் மாடிய வாடகைக்கு விட்டுருவேன். அவனுக்கு ஐப்பசி மாசம் வந்தா சளி பிடிக்கும், ஒந் தண்ணி ரொம்பக் குளிர்ச்சி, சுட வச்சுக் குடிக்கச் சொல்லு. அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளதான். ரெண்டு பேரையும் பாத்துக்கோ."

எங்களைத் தவிர அங்கே கூடியிருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் யாரும் என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. இசக்கி சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதான், கோமதி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, "ஏல, வந்தவங்க முன்னாடி என்னல இது, போய் எல்லாருக்கும் கேக்கு எடுத்துக் குடு" என்று விரட்டினாள். நோரா வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், பிடில் மறுபடி ஆரம்பித்தது, நான்கூட ஆடினேன், அதைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் யாரும் சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கில்வர்னாவிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம், நோராதான் காரை ஓட்டினாள். கோமதி திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். வந்த வழியே போனோம். க்ளான்மக்நாய்ஸ் பக்கத்துப் பண்ணை வீட்டில் டீக்கு நின்றோம், காருக்கும் டிராக்டருக்கும் நடுவே வெறும் புல். பண்ணைக்காரர் கெட்டிலோடு வந்து, இடத்தைப் பார்த்து, திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். ஆற்றங்கரையில் கோபுரம் தனியாக நின்றது. ஒவ்வொரு இடத்திலும் கோமதி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

டப்ளினில் விமானத்துக்கு நேரம் இருந்தது, மியூசியம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் மதினி என்று அவள்தான் சொன்னாள். அந்தக் காவலாளி சிவப்புக் கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருந்தார். கயிற்றுக்கு நடுவே தரை காய்ந்து கிடந்தது. அவர் எங்களைப் பார்த்து, எங்களுக்குப் பின்னால் பார்த்து, மறுபடி எங்களைப் பார்த்தார்.

"வரலையா?" என்றார், கவலையாக.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி முந்திக்கொண்டாள். கேள்வி இங்கிலீஷ், பதில் தமிழ், இரண்டு பேருக்கும் நான் தேவைப்படவில்லை.

"வராது," என்றாள், தலையை நிமிர்த்தி. "எம் பிள்ள அங்க இருக்காம்லா."